மூத்த ரசிகர்

அத்தியாயம் பதினான்கு

2024ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அரியலூர் மாவட்டம் திருமானூரை அடுத்த வடகரைநல்லூரில், நாரை கால்பந்துக் கழகத்தின் பொன்விழா அன்று மாலை நான்கு மணிக்கு நடைபெற இருந்தது. முதலில் கல்வெட்டுத் திறப்பு. அடுத்து அரியலூர் அணியுடன் ஆட்டம். இறுதியில் மூத்தோருக்குப் பொன்னாடை. அழைப்பிதழில் வரிசை இவ்வாறே அச்சாகியிருந்தது.

அந்த அழைப்பிதழ்தான் சென்ற வாரம் அய்யம்பெருமாளின் குடும்பத்தை இரண்டாகப் பிளந்தது. கழகத்தைத் தொடங்கியவர் அவர். அதன் முதல் அணித்தலைவரும் அவரே. அப்படிப்பட்டவருடைய பெயருக்குக் கீழே ‘மூத்த ரசிகர்’ என்று போட்டிருந்தார்கள். பெரம்பலூரில் மருந்துக்கடை நடத்தும் மகள் மணிமொழி, கழகத்தின் பயிற்சியாளனாகிய தம்பி கலைச்செல்வனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள். “விடுக்கா, ஒரு வார்த்தைதானே” என்றான் அவன். அவள் பேச்சை அத்துடன் துண்டித்தாள்.

ஒரு வார்த்தைதான். ஐம்பது ஆண்டுகளை அழிப்பதற்கு அவர்களுக்கு இரண்டாவது வார்த்தை தேவைப்படவில்லை.

பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் அரியலூர் வண்டி நிரம்பிக்கொண்டிருந்தது. அய்யம்பெருமாள் சன்னலோரம் அமர்ந்திருந்தார். வயது எழுபத்தொன்று. மனைவி கொளஞ்சியம்மாள் இறந்தபின் மகளோடு இருப்பவர். வெள்ளைச் சட்டையைக் காலையில் தாமே இஸ்திரி போட்டு, பித்தான்களைத் தாமே சரிபார்த்து அணிந்திருந்தார்.

“அப்பா, நாம போகத்தான் வேணுமா?”

“ராசாங்கம் கூப்பிட்டிருக்கான், கழகத் தலைவரா. போவாட்டி, வயசாயிடுச்சு, வர முடியலைம்பான். அதையும் மைக்குல சொல்லுவான்.”

“ரசிகர்னு சொல்லிப் பொன்னாடை போடுவாங்க. வாங்கிக்குவீங்களா?”

“போட வரட்டும். அப்பறம் பாப்பம்.”

வண்டி துறைமங்கலத்தைத் தாண்டியபோது மணிமொழியின் கைப்பேசி ஒலித்தது. கலைச்செல்வனின் மனைவி வினோதினி ஒரு படம் அனுப்பியிருந்தாள். திடலின் வாயிலில் நட்டிருந்த கல்வெட்டு. இன்னும் துணி போர்த்தவில்லை. மணிமொழி எழுத்துகளைப் பெரிதாக்கி வாய்விட்டுப் படித்தாள்.

“‘நாரை கால்பந்து கழகம். 1974ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அன்று முதல் ராசியான வாய்க்கால் வழியே களம் இறங்கும் மரபு வழுவாது பேணப்பட்டு வருகிறது.’ இவ்வளவுதாம்பா. இதுக்குக் கீழ, தலைவர் ராசாங்கம், துணைத் தலைவர், பொருளாளர், எல்லாரு பேரும் பட்டத்தோட இருக்கு.”

‘கால்பந்து’க்கும் ‘கழக’த்துக்கும் இடையே வரவேண்டிய வல்லொற்று விடுபட்டிருந்தது. அது கல் வெட்டியவரின் பிழை, மன்னித்துவிடலாம். ‘தொடங்கப்பெற்றது’ என்ற சொல்லில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை. அதில் ஆள்தான் இல்லை. செயப்பாட்டுவினையில் செய்தவன் ‘ஆல்’ உருபேற்று வரலாம், வராமலும் போகலாம். அந்த வசதிக்காகவே அவ்வினையை விரும்பி எழுதுகிறவர்கள் உண்டு.

“தொடங்கப்பெற்றதாம்!” என்றாள் மணிமொழி. குரல் தானாக உயர்ந்தது. “யாரு தொடங்குனா? தானா முளைச்சுதா, கருவேலஞ்செடியாட்டம்?”

முன் இருக்கைப் பெரியவர் திரும்பினார். “எதும்மா தொடங்குனது? கட்சியா?”

“இல்லைங்க. ஃபுட்பால் டீமு.”

“அப்பச் சரி. கட்சின்னா இந்நேரம் நாலு பேரு நாந்தான்னு எழுந்திருச்சிருப்பான்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அய்யம்பெருமாள் சிரிக்கவில்லை. கைப்பேசியை வாங்கி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய், ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். விரல் பட்டதும் படம் நகர்ந்தது. மறுபடியும் தேடிப்பிடித்து வைத்தார்.

“இந்த வார்த்தையை யாரு எழுதுனது? ராசாங்கமா?”

“எந்த வார்த்தைப்பா?”

“ராசி.”

“அவருதான் எழுதியிருப்பாரு. எல்லாமே அவரு எழுதுனதுதான்.”

அய்யம்பெருமாள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அரியலூர் வரும்வரை, எதிரே வரிசையாக வந்த சிமெண்டு லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வடகரைநல்லூரின் அமைப்பை இங்கே சொல்லியாக வேண்டும். ஊரின் கிழக்கு முனையில் காலனி. மேற்கு முனையில் திடல். இரண்டையும் நேராக இணைப்பது நடுத்தெரு. 1974இல் காலனிக்காரர் எவரும் நடுத்தெருவில் நடக்க முடியாது. அவசரத்துக்கு நடந்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே, பண்ணை வேலைக்குப் போய்வந்த காலனி இளைஞர்கள் ஐவர் ஒரு பந்தை வாங்கி ஆடத் தொடங்கியபோது, வயல்களைச் சுற்றிக்கொண்டு, திடலுக்கு வடக்கே ஓடும் வாய்க்காலில் முழங்கால் நனைய இறங்கி ஏறித்தான் திடலை அடைந்தார்கள். கரையில் நின்ற நாரைகளைப் பார்த்து அணிக்குப் பெயர் வைத்தார்கள்.

பிறகு நடுத்தெருப் பிள்ளைகளும் அணியில் சேர்ந்தார்கள். தெருவில் இருந்த தடையும், வழக்கும் போராட்டமுமாக, சில ஆண்டுகளில் நீங்கியது. ஆனால் வாய்க்கால் வழி மட்டும் நீங்கவில்லை. ஆட்ட நாளன்று இரு தெருப் பிள்ளைகளும் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, நெற்றியில் ஒரு துளி தொட்டு வைத்துக்கொண்டு கரையேறுகிறார்கள். கேட்டால் ராசி என்கிறார்கள். எவர் தடுத்தாரோ அவருடைய பேரன்கள், தடுக்கப்பட்டவர்களின் வழியில், பயபக்தியோடு, ஈரக்காலுடன்! இதைவிடப் பெரிய கூத்தை எவராலும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது.

பிற்பகலில் தந்தையும் மகளும் கலைச்செல்வனின் வீட்டை அடைந்தார்கள்.

“வாங்க மாமா. வாங்கண்ணி” என்று வினோதினி எதிர்கொண்டாள். “படம் பாத்தீங்களா? அதுல இன்னொண்ணு கவனிச்சீங்களா? பொருளாளரு பேருக்கு முன்னாடி ‘விளையாட்டுச் செம்மல்’னு போட்டிருக்கு. அந்தாளு பந்தைத் தொட்டு நான் பாத்ததே இல்லை. நாலு வருசத்துக்கு முன்னாடி ஒருதரம் பந்துதான் அவரைத் தொட்டுச்சு. மூக்குல.”

உள்ளேயிருந்து கலைச்செல்வன் வந்தான். கழுத்தில் விசில் தொங்கியது. தந்தையை வணங்கினான், அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“கல்லுல என்ன எழுதியிருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டாள் மணிமொழி.

“தெரியும்.”

“தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தே.”

“அக்கா, டீமுல இப்ப ரெண்டு தெருப் பசங்களும் ஒண்ணா இருக்கானுவ. ஒரே பாட்டில்ல தண்ணி குடிக்கிறான், ஒரே பைக்குல மூணு பேரு போறான். இதைக் கொண்டாந்து நிறுத்த எனக்குப் பதினஞ்சு வருசம் ஆச்சு. இப்பப் போயி யாரு தொடங்குனா, ஏன் வாய்க்கால்ல வந்தாங்கன்னு பேசுனா, அவனுவ ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்க மாட்டான். எதுக்குப் பழசைக் கிளறணும்?”

“பழசைக் கல்லுல வெட்டி வாசல்ல நடுறது அவங்க. கிளறுறது நானா?”

“நீ பெரம்பலூர்லேருந்து வந்து பேசிட்டு சாயங்கால பஸ்ஸுல போயிடுவே. நாளைக்கு நான்தான் அந்தத் திடல்ல நிக்கணும்.”

“நில்லு. யாரு வேணாங்கறா? அப்பா பேரைக் காலுக்கு அடியில போட்டு மிதிச்சுக்கிட்டு நிக்காத.”

கலைச்செல்வனின் முகம் சிவந்தது. “அப்பா, நீங்களே சொல்லுங்க. இந்தக் கல்லுல உங்க பேரு இருந்தாத்தான் நீங்க ஆரம்பிச்சதா ஆவுமா?”

அய்யம்பெருமாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

“பேரு இல்லாம அம்பது வருசம் இருந்துட்டேன்டா. அது ஒண்ணுமில்லை. ரசிகர்ங்கறானே, அதான் பொறுக்கலை. ரசிகருன்னா வெளிய நின்னு கைதட்டுறவன். நான் எப்படா வெளிய நின்னேன்?”

மேலும் சொன்னார்: “வெளிய நிறுத்துனாங்க. நான் நிக்கலை.”

கலைச்செல்வன் வண்டிச் சாவியை எடுத்தான். விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, “நேரமாச்சு, பசங்க காத்திருப்பானுவ” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான்.

திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி அலறியது. கல்வெட்டின்மேல் பச்சைத் துணி போர்த்தியிருந்தது. சிறப்பு விருந்தினர் திருமானூரில் வேறொரு விழாவில் இருப்பதாகவும் வரத் தாமதமாகும் என்றும் செய்தி வந்தது.

தலைவர் ராசாங்கம் பட்டுக்கரை வேட்டியில் மேடையருகே நின்றிருந்தார். அறுபத்தைந்து வயது, நடுத்தெருக்காரர், கூட்டுறவுச் சங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தம்மைவிட ஆறு வயது மூத்தவரை அவர் வரவேற்ற அழகைக் கேளுங்கள்.

“வாப்பா அய்யம்பெருமாளு! உடம்பு எப்படி இருக்கு? போயி உக்காரு. ரெண்டாவது வரிசையில உனக்குச் சேரு போட்டிருக்கு.”

“முதல் வரிசை யாருக்கு சார்?” என்று கேட்டாள் மணிமொழி.

“நிர்வாகிங்களுக்கும்மா.”

“தொடங்குனவங்களுக்கு?”

ராசாங்கம் புன்னகை செய்தார். “தொடங்குனவங்கன்னு தனியா யாரைச் சொல்றது? ஊரே சேந்துதானே தொடங்குச்சு. ஒருத்தர் பேரைப் போட்டா நாளைக்குப் பத்துப் பேரு சண்டைக்கு வருவான். அதான் பொதுவா எழுதிட்டேன்.”

“ஊரே சேந்து தொடங்குச்சா? அப்ப ஊரே அந்த வாய்க்கால்ல இறங்கி நடந்துச்சா சார்?”

“அது ராசிம்மா. சாமி காரியமாட்டம். அதையெல்லாம் ஏன் எதுக்குன்னு கேக்கக்கூடாது.”

“நான் கேக்குறேன்” என்றார் அய்யம்பெருமாள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆயினும் அருகில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஆட்டக்காரர்கள் அப்போதுதான், பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய்க்காலின் அக்கரைக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற அணித்தலைவன் முத்தமிழ்ச்செல்வன் ராசாங்கத்தின் சொந்தப் பேரன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவன். அவனும் நின்றான்.

“ராசாங்கம், ராசிங்கற வார்த்தையை உனக்கு யாரு குடுத்தா?”

“என்னப்பா இது, விழா நேரத்துல...”

“எழுபத்தாறுல உனக்குப் பதினேழு வயசு. ரைட் விங்ல நல்லா ஓடுவே. எங்களோட வெளையாடணும்னு ஒத்தைக்கால்ல நின்னே. நடுத்தெருவுலேருந்து முதல்ல வந்தவன் நீதான். அதை நான் மறக்கலை. நீ மட்டும் செருப்புப் போட்டுக்கிட்டு நேரா தெருவழியா வரலாம். நாங்க சுத்திக்கிட்டு வாய்க்கால்ல இறங்கி வருவோம். ஒரு நாளு நீ என்ன பண்ணினே?”

ராசாங்கம் வேட்டியின் கரையை இழுத்துச் சரிசெய்தார்.

“‘நீங்க வர வழியிலயே நானும் வரேன்’னு சொல்லிட்டு, எங்களோட தண்ணியில இறங்குனே. இறங்கிட்டே. வெளையாடி முடிச்ச பெறவு அழுவுறே. கால்சட்டை நனைஞ்சிருக்கு, சேறு அப்பியிருக்கு, ‘அந்தப் பயலுவளோட வாய்க்கால்ல வந்தியாடா’ன்னு எங்கப்பா தோலை உரிச்சுடுவாருன்னு அழுவுறே. அன்னிக்கு நான் உங்கிட்ட என்ன சொன்னேன்?”

ஒலிபெருக்கியை எவரோ நிறுத்தினார்.

“சொல்லு, ராசாங்கம்.”

“ராசின்னு சொல்லிடுன்னே” என்றார் ராசாங்கம். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி எவரும் கேட்டதில்லை.

“ஆங். ‘அந்த வழியா வந்தாத்தான் ஜெயிக்கிறோம், அது ராசிப்பான்னு சொல்லு. சாமி பேச்சுன்னா உங்கப்பா கை ஓங்க மாட்டாரு’ன்னேன். நீயும் போய்ச் சொன்னே. அடி விழலை. அது உனக்கு அடி விழாம இருக்க நான் இரவல் குடுத்த பொய்யிடா. அதை எடுத்துக் கல்லுல வெட்டி, அதுக்குக் கீழ உன் பேரைப் போட்டு, என்னை ரசிகர்ங்கறியே. இது அடுக்குமா?”

மணிமொழி தந்தையைப் பார்த்தாள். இதை அவர் அவளிடம் சொன்னதில்லை. அவள் தாயிடமும் சொன்னதில்லை. சற்றுத் தள்ளி நின்ற கலைச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். பதினைந்து ஆண்டுகளாக அவன்தான் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் இறக்கியவன்.

ராசாங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அப்பறம் எல்லாரும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நானா வேணும்னு பரப்புனேன்? இப்ப என்னை என்ன பண்ணச் சொல்றே? எங்கப்பா இந்தத் தெருவுல யாரையும் நடக்கவிடலைன்னு எழுதச் சொல்றியா? அவரு செத்து முப்பது வருசம் ஆவுது.”

“உங்கப்பா பேரை யாரு எழுதச் சொன்னா? எங்க பேரை எழுதச் சொல்றேன்.”

“உங்க பேருன்னா?”

“நான். பாவாடை. மணிவேல். கண்ணையன். அப்பறம் இன்னொருத்தர்.”

“இன்னொருத்தர் யாரு?”

அய்யம்பெருமாள் மறுத்துத் தலையசைத்தார். “அவரு வூட்டுல கேக்காம நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

மணிமொழி மறுபடியும் தந்தையைப் பார்த்தாள். ஐந்தாமவர் யார் என்று அவளுக்கும் தெரியாது.

அப்போது முத்தமிழ்ச்செல்வன் முன்னால் வந்தான்.

“தாத்தா, அப்ப இத்தனை நாளா நாங்க நனைஞ்சது எதுக்கு?”

பேரனுக்குச் சொல்ல ராசாங்கத்திடம் அந்த ஒரே சொல்தான் இருந்தது. அதுவும் அவருடையதாக இல்லாமற்போய்விட்டது. முத்தமிழ்ச்செல்வன் பயிற்சியாளரை நோக்கித் திரும்பினான்.

“மாஸ்டர், எந்த வழி?”

பின்னாலிருந்து கோல்கீப்பர் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “மாஸ்டர், இன்னிக்குத் தெருவழியா போயி, தோத்துட்டம்னா?”

“போன மாசம் வாய்க்கால்ல முங்கி எழுந்திருச்சுத்தானேடா போனோம்? ஜெயங்கொண்டத்தான் அஞ்சு போட்டான். அஞ்சையும் நீதான் வாங்குனே” என்றான் முத்தமிழ்ச்செல்வன்.

ஓரிருவர் சிரித்தார்கள். கலைச்செல்வன் சிரிக்கவில்லை. பிள்ளைகளின் கையிலிருந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாரும் கிழக்கு முனைக்குப் போங்க” என்றான். “பூட்ஸைக் கையில புடிக்காதீங்கடா. கால்ல போட்டுக்கிட்டு வாங்க.”

அவ்வாறே செய்தார்கள். காலனியின் முனையிலிருந்து நடுத்தெரு வழியாகப் பதினொருவரும் மாற்று ஆட்டக்காரர்களும் இரண்டிரண்டு பேராக நடந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அய்யம்பெருமாள், ரப்பர்ச் செருப்புடன். சிமெண்டுச் சாலையில் பூட்ஸின் குமிழ்கள் தடதடவென ஒலித்தன. வீடுகளிலிருந்து மக்கள் வெளியே வந்தார்கள்.

“என்னடா முத்தமிழு, ராசி வழி என்னாச்சு?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“ரிப்பேரு அத்தை. அடைச்சாச்சு.”

இன்னொரு வீட்டு வாசலில் ஒருவர் எழுந்து நின்று, “யாரைக் கேட்டுடா எல்லாம் இந்த வழியா வரீங்க?” என்று அதட்டினார். அதட்டியவர், இரண்டாவது வரிசையில் தம் சொந்த மகன் பூட்ஸுடன் நடந்து வருவதைக் கண்டார். வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். பிறருடைய பிள்ளைகளை நோக்கி எவ்வளவு இலகுவாக எழுகிறது அந்தக் கேள்வி!

அய்யம்பெருமாள் எவரையும் பார்க்கவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை. வாயிலில், பச்சைத் துணி போர்த்திய கல்லின் முன் நிற்கவும் இல்லை. நேராக உள்ளே சென்று, முதல் வரிசையின் நடு நாற்காலியில் அமர்ந்தார். பொருளாளர் ஏதோ சொல்ல எழுந்தார். வினோதினி அவர் மூக்கையே உற்றுப் பார்த்தாள். அவர் உட்கார்ந்துகொண்டார்.

கல்வெட்டைத் திறக்க எவரும் முன்வரவில்லை. சிறப்பு விருந்தினரும் வந்து சேரவில்லை. ஆட்டம் தொடங்கியது.

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அரியலூர் அணி வென்றது. இறுதி விசில் ஊதியதும் கூட்டத்தில் ஒருவர், “பாத்தியா, ராசி போச்சு!” என்று கத்தினார்.

“ராசியா?” அய்யம்பெருமாள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அன்று அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். “லெஃப்ட் பேக்கு தூங்கிட்டான்யா! ரெண்டு கோலும் அந்தப் பக்கந்தான் வந்துச்சு, கண்ணு தெரியலையா உனக்கு? ராசியாம் ராசி! டேய் கலை, அந்த லெஃப்ட் பேக்கை யாருடா டீமுல எடுத்தது?”

“நான்தாம்பா” என்றான் கலைச்செல்வன்.

“உனக்கும் கண்ணு தெரியலை.”

காலையிலிருந்து முதன்முறையாகக் கலைச்செல்வன் சிரித்தான். அக்காவின் பக்கம் திரும்பினான். மணிமொழி முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டாள். தந்தை மன்னித்ததை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

அறிவிப்பாளரிடம் எவரும் எதையும் மாற்றிச் சொல்லியிருக்கவில்லை. அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து முழங்கினார்: “அடுத்ததாக, நமது கழகத்தின் மூத்த ரசிகர், அய்யா...”

“அவரு வரலை” என்றார் அய்யம்பெருமாள், அமர்ந்தபடியே. “அடுத்த ஆளைக் கூப்பிடுங்க.”

பொன்னாடையைக் கையில் வைத்திருந்தவர் ராசாங்கம். அதைப் பிரித்தார், தயங்கினார், மறுபடியும் மடித்தார். அதை எவருக்கும் போர்த்தாமல், தம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேடையை விட்டு இறங்கினார். இறங்கி, அய்யம்பெருமாளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பொழுது சாய்ந்ததும் கழகத்தின் செயற்குழு பந்தலிலேயே கூடியது. தலைவர் ராசாங்கம், பொருளாளர், பயிற்சியாளர் கலைச்செல்வன், அணித்தலைவர் முத்தமிழ்ச்செல்வன் ஆகியோர் உறுப்பினர் என்ற முறையில் கலந்துகொண்டார்கள். அய்யம்பெருமாளும் மணிமொழியும் அழைப்பின் பேரில் உடனிருந்தார்கள். பொருளாளர் ஒருவர் மட்டும், விழா முடிந்தபின் மாற்றுவது முறையன்று என்று மறுத்தார். மற்ற மூவரும் முடிவு செய்தவை வருமாறு:

கல்வெட்டைத் துணி விலக்காமலே திங்கட்கிழமை பெயர்த்தெடுப்பார்கள். ‘1974ஆம் ஆண்டு இக்கழகத்தைத் தொடங்கியவர்கள்’ என்று தொடங்கி ஐந்து பெயர்களைத் தாங்கும் புதிய கல்லை, வல்லொற்று விடுபடாமல், நடுவார்கள். நிர்வாகிகள் எவருடைய பெயரும் அதில் இராது. ஆட்ட நாள்களில் அணி நடுத்தெரு வழியாகவே, காலணி அணிந்து, திடலுக்கு வரும். வாய்க்காலில் இறங்க விரும்புகிறவர் இறங்கலாம். அது ஏன் வழியாயிற்று என்பதைப் புதிதாகச் சேரும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் கலைச்செல்வன் சொல்வார். மேடையிலிருந்து எவரும் அதை ராசி என்று சொல்லமாட்டார். இக்கடைசி வரியை முன்மொழிந்தவர் ராசாங்கம்.

ஐந்தாவது பெயரை, உரிய வீட்டில் கேட்டபின், செவ்வாய்க்கிழமை அய்யம்பெருமாள் சொல்வார். அவர் சொல்லும்வரை கல் வெட்டுபவர் உளியைத் தொடமாட்டார்.